நிறுவனமும் கருவியும்

முன்னாளில் இரயில்வே முன்பதிவு நிலையத்துக்குச் சென்றவர்கள் ஒரு காட்சியை மறந்திருக்க மாட்டார்கள். சாளரத்துக்கு அப்பால் எழுத்தர். அவர் முன் பருத்த பேரேடு. ஒவ்வொரு வண்டிக்கும் ஒவ்வொரு நாளுக்கும் தனிப் பக்கம். பெயரை மையால் எழுதி, படுக்கை எண்ணைக் குறித்துச் சீட்டை நீட்டுவார். ஒரு வண்டியின் பேரேடு ஒரு சாளரத்தில்தான் இருக்கும். வரிசை மாறி நின்றவன் பாடு திண்டாட்டந்தான், நானும் நின்றிருக்கிறேன்.

1985-இல் தில்லியில் கணிப்பொறி வழியாக முன்பதிவு செய்யும் முயற்சி தொடங்கிற்று. அடுத்த ஆண்டு இரயில்வே இப்பணிகளுக்கென்றே ‘கிரிஸ்’ என்னும் மையத்தை நிறுவிற்று. 1994-இல் ‘கான்சர்ட்’ என்ற புதிய மென்பொருள் வந்தது. 1999-இல் முன்பதிவு மையங்கள் ஒன்றோடொன்று இணைந்தன. எவ்வூரிலிருந்தும் எவ்வூருக்கும் இடம் பதிய வழி பிறந்தது. 2002-இல் இணையவழிச் சீட்டு வந்தது. இன்று கைப்பேசியிலேயே காரியம் முடிகிறது.

மாணவ நண்பர்களே, இத்தனை கருவிகள் மாறியும் மாறாதவை எவை என்று எண்ணிப் பாருங்கள். வண்டி, நாள், வகுப்பு, ஒதுக்கீடு, படுக்கை, பயணி, காத்திருப்போர் பட்டியல் ஆகியவை பேரேட்டிலும் இருந்தன, இன்றும் இருக்கின்றன. சென்னையிலிருந்து விழுப்புரம் வரை ஒருவருக்குக் கொடுத்த படுக்கையை அதற்கு அப்பால் வேறொருவருக்குக் கொடுக்கலாம். ஒரே தூரத்துக்கு இருவருக்குக் கொடுக்கலாகாது. இவ்விதி எந்தக் கணிப்பொறிக்கும் சொந்தமன்று, இரயில்வேக்குச் சொந்தமானது.

பெரிய நிறுவனம் ஒன்று தனக்குரிய ஏற்பாட்டை வகுக்கும்போது, தான் செய்யும் காரியத்தையும், காக்கவேண்டிய செய்தியையும், பின்பற்றும் விதியையும் முதலில் தன் சொற்களிலேயே எழுதிக்கொள்ளவேண்டும். எந்தப் பொறி, எந்த மென்பொருள் என்பது அடுத்த ஏட்டுக்குரியது. இவ்வாறு கருவி சாராமல் வகுக்கும் திட்டத்தையே ‘என்டர்பிரைஸ் ஆர்க்கிடெக்சர்’ துறையினர் சிறப்பாகக் கொள்கின்றனர். 1987-இல் ஜான் சாக்மன் என்னும் அமெரிக்கர் இத்துறைக்கு அடிப்படையான கட்டுரை ஒன்றை எழுதினார். அவர் எடுத்துக்கொண்ட உவமை வீடு கட்டுவது. வீட்டுக்காரர் பார்க்கும் படம் வேறு, கட்டடக் கலைஞர் வரையும் படம் வேறு, கொத்தனார் கையிலிருக்கும் படம் வேறு. சமையலறை கிழக்கே வேண்டும் என்பது வீட்டுக்காரர் படத்தில் இருக்கும். எந்தச் சூளைச் செங்கல் என்பது அதில் இராது.

பிரித்து எழுதாவிட்டால் என்ன கெடும்? 1997-இல் ‘தட்கல்’ முறை வந்தது. இத்தகைய புது விதி வரும்போது, பழைய விதிகள் எங்கே எழுதப்பட்டுள்ளன என்று தெரிந்தால் அவ்விடத்தில் சேர்க்கலாம். அவை நிரலின் ஆயிரம் மூலைகளில் சிதறிக் கிடந்தால், அந்நிரலை எழுதியவரைத் தேடி அலையவேண்டும். அவர் ஓய்வு பெற்றிருப்பார்.

ஒன்றையும் ஒளிக்காமல் சொல்லவேண்டும். கருவியை அடியோடு மறந்த திட்டம் காகிதத்தோடு நின்றுவிடும். ஒரு நொடியில் எத்தனை பேர் சீட்டுக் கேட்பார்கள் என்பதை எண்ணாமல் வரைந்த படம் எவ்வளவு அழகாயிருந்தாலும் பயன்படாது. படம் வரைவதையே தொழிலாகக் கொண்டு, வீட்டைக் கட்டாமலே காலம் கழிப்பவரும் உண்டு. பாடக்குறிப்பை அழகாக எழுதி, வகுப்புக்குப் போகாத ஆசிரியரைப் போன்றவர் அவர்.

இந்தப் பாடத்தை நான் நூலில் கற்கவில்லை. நான் தலைமையாசிரியராயிருந்த பள்ளியில், மாணவர் சேர்க்கைப் பதிவேட்டைக் கணிப்பொறியில் ஏற்ற ஒரு மென்பொருளை வாங்கினோம். தமிழ்ப் பெயர்களை விற்றவரே வகுத்த எண்முறையில் அது சேமித்தது. மூன்றாண்டுகள் கையால் எழுதும் பதிவேட்டையும் நிறுத்திவிட்டோம். அது என் பிழை. பின்னர்ப் பழைய மாணவர் ஒருவர் பிறந்த நாளுக்குச் சான்று கேட்டு வந்தார். வேலைக்கு அது வேண்டும். நான்கே நாள் தவணை. புதிய கணிப்பொறியில் திறந்தால், பெயர் இருக்கவேண்டிய இடத்தில் ஆங்கில எழுத்துகளும் குறிகளும் கலந்து நின்றன. விற்றவர் கடையை மூடிவிட்டிருந்தார்.

யூனிகோடு முறையில் ‘அ’ என்னும் எழுத்துக்கு 2949 என்பது எண். எந்தப் பொறியிலும், எவர் செய்த எழுத்துருவிலும் அதுவே எண். 1991-இல் வெளிவந்த முதற் பதிப்பிலேயே தமிழ் இடம்பெற்றிருந்தது. தமிழக அரசு 2010-இல் அதனை ஏற்றது. நாங்கள் வாங்கியபோது கேட்டிருக்கவேண்டிய கேள்வி ஒன்றுதான்: ‘உங்கள் மென்பொருள் இல்லாமல் எங்கள் பதிவேட்டை நாங்கள் படிக்க முடியுமா?’ அதனை ஒருவரும் கேட்கவில்லை.

அந்த இளைஞருக்கு, அவர் முன்பு படித்த தொடக்கப்பள்ளியின் கைப்பதிவேட்டிலிருந்து சான்று கிடைத்தது. எஞ்சிய பெயர்களைப் பழைய வருகைப் பதிவேடுகளோடு ஒப்பிட்டு, யூனிகோடில் மீண்டும் ஏற்ற ஒரு கோடை விடுமுறை முழுதும் கழிந்தது. 14 பெயர்களை மட்டும் எங்களால் உறுதி செய்ய இயலவில்லை.