நோட்ஸ் எடுப்பதில் அலங்காரத்துக்கு ஓர் அளவு
(கல்வி உதவித்தொகை வழங்கும் நிகழ்ச்சியில் அறக்கட்டளைச் செயலாளர் ஆற்றிய உரை)



மரியாதைக்குரிய பெரியோர்களே, தாய்மார்களே, அன்புப் பிள்ளைகளே! அல்லாஹ்வின் அருளால் இந்த ஆண்டும் கல்வி உதவித்தொகை வழங்கக் கூடியிருக்கிறோம். அல்ஹம்துலில்லாஹ். இது நம் மஹல்லாவாசிகள் ஜகாத்தாகவும் ஸதகாவாகவும் தந்த பணம். அது படிப்பாக மாற வேண்டும் என்பதே நம் எல்லோருடைய கவலையும். அதனால் இன்று ஒரு சின்ன விஷயத்தைப் பேசலாம் என்று நினைக்கிறோம். கம்ப்யூட்டரில் நோட்ஸ் எடுப்பது பற்றித்தான்.

நமது கணினி மையத்தில் மாலை வேளைகளில் பிள்ளைகள் வேர்டில் பாடக்குறிப்பு தயாரிப்பதைப் பார்க்கிறோம். தலைப்புக்கு ஒரு நிறம், துணைத் தலைப்புக்கு வேறு நிறம். முக்கியமான வரிக்கு மஞ்சள், அதைவிட முக்கியமானதற்குப் பச்சை. ஒரு மணி நேரத்தில் பக்கம் கல்யாணப் பத்திரிகை போல ஆகிவிடுகிறது. பாடமோ அரைப் பக்கம்தான் நகர்ந்திருக்கிறது. பல வீடுகளில் ஒரே கம்ப்யூட்டரை அண்ணனும் தங்கையும் முறை வைத்துப் பயன்படுத்துகிறார்கள். அங்கே ஒரு மணி நேரம் என்பது பெரிய சொத்து. பிள்ளை படிக்கிறது என்று பெற்றோர் நினைக்கிறார்கள். பிள்ளையும் அப்படித்தான் நினைக்கிறது. உண்மை பரீட்சை ஹாலில்தான் தெரிகிறது.

மதரஸாவில் ஓதியவர்களுக்குப் பழைய கிதாபுகளின் அமைப்பு தெரியும். மூலமான மத்ன் ஒரு பக்கம், அதன் விளக்கமான ஷரஹ் ஒரு பக்கம், ஓரத்தில் ஹாஷியா. கையெழுத்துப் பிரதிகளில் தலைப்பையும் முக்கியச் சொல்லையும் சிவப்பு மையில் எழுதுவார்கள். அவ்வளவுதான் அலங்காரம். சிவப்பு எங்கே இருக்கிறதோ அங்கே கண் நிற்கும். பக்கம் முழுவதும் சிவப்பாக இருந்தால் கண் எங்கே நிற்கும்?

ஆகவே பிள்ளைகளுக்கு நாம் சொல்வது, மூன்று அடையாளங்கள் போதும். தலைப்பு, தடித்த எழுத்து, புள்ளி வரிசை. தலைப்பை எழுத்தளவைக் கூட்டிப் போடாதீர்கள். வேர்டில் கன்ட்ரோல், ஆல்ட், 1 மூன்றையும் சேர்த்து அழுத்தினால் முறையான தலைப்பாகிவிடும். இலவசமாகக் கிடைக்கும் லிப்ரே ஆபீஸில் கன்ட்ரோலும் 1-ம் போதும். இப்படிச் செய்தால் தலைப்புகள் மட்டும் ஓரத்தில் வரிசையாகத் தெரியும். பரீட்சைக்கு முன் அந்த வரிசையை மட்டும் பார்த்து, ஒவ்வொன்றின் கீழும் என்ன எழுதினோம் என்று மனதுக்குள் சொல்லிப் பாருங்கள். சொல்ல முடியாத இடம்தான் மறுபடி படிக்க வேண்டிய இடம்.

வகுப்பு நடக்கும்போது எந்த அலங்காரமும் வேண்டாம். புரியாத இடத்தில் ஒரு கேள்விக்குறி மட்டும் போடுங்கள். அடுக்குவதை இரவில் பத்து நிமிடத்தில் முடித்துவிடலாம்.

இந்த மென்பொருளுக்கும் எல்லை உண்டு. இதயத்தின் படம், வேதியியல் சமன்பாடு, அம்புக்குறி போட்டுக் காட்டும் வரைபடம் ஆகியவற்றை வகுப்பு நடக்கும் வேகத்தில் அதில் போட முடியாது. பக்கத்தில் ஒரு நோட்டுப் புத்தகம் இருக்கட்டும். கையால் வரைந்துவிட்டு, 'நோட்டு, பக்கம் 14' என்று கம்ப்யூட்டரில் குறித்தால் போதும்.

தமிழுக்கும் ஒரு எச்சரிக்கை. சிறிய எழுத்தைத் தடித்ததாக்கினால் புள்ளியும் சுழியும் ஒட்டிக்கொள்ளும். சாய்வெழுத்து தமிழுக்கு ஒத்துவராது. பாமினி போன்ற பழைய எழுத்துருவில் அடித்த நோட்ஸ், அந்த எழுத்துரு இல்லாத கம்ப்யூட்டரில் வெறும் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகத் தெரியும். தமிழக அரசே 2010-ல் யூனிகோடைத் தர அளவாக ஏற்றுவிட்டது. நீங்களும் யூனிகோடிலேயே எழுதுங்கள்.

தீனியாத் பாடம் எழுதுவோர் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. அரபியைத் தமிழ் வரிக்கு நடுவில் சேர்த்தால் முற்றுப்புள்ளியும் அடைப்புக்குறியும் இடம் மாறிப் போகும். அரபியைத் தனி வரியில் எழுதுங்கள். வலது பக்க ஷிஃப்டையும் கன்ட்ரோலையும் சேர்த்து அழுத்தினால் வேர்டில் அந்த வரி வலமிருந்து இடமாக அமையும். குர்ஆன் வசனத்தை எழுதினால் முஸ்ஹஃபை வைத்து எழுத்துக்கு எழுத்து ஒப்பிடுங்கள். ஒரு ஹரகத் மாறினாலும் பொருள் மாறிவிடக்கூடும். அங்கே அழகைவிட அமானிதம் முக்கியம்.

கையால் எழுதுவது நல்லதா, தட்டச்சு நல்லதா என்று பெற்றோர் கேட்கிறார்கள். 2014-ல் முல்லர், ஓப்பன்ஹைமர் என்ற இரு அமெரிக்க ஆய்வாளர்கள், மடிக்கணினியில் எழுதிய மாணவர்கள் பாடத்தைச் சொல்லுக்குச் சொல் இறக்கிவைத்ததாகவும், கருத்தைச் சோதிக்கும் கேள்விகளில் பின்தங்கியதாகவும் கண்டார்கள். பின்னர் அதே சோதனையைத் திரும்பச் செய்தவர்களுக்கு அந்த வேறுபாடு அவ்வளவு தெளிவாகத் தெரியவில்லை. ஆகவே கருவியைக் குறை சொல்ல வேண்டாம். ஆசிரியர் சொன்னதைச் சொந்த வார்த்தையில் சுருக்கி எழுதுகிறோமா என்பதைப் பாருங்கள்.

குர்ஆனின் மிக நீளமான வசனம், அல்பகரா 282, கடனை எழுதிவைப்பதைப் பற்றியது. சந்தேகம் வராமல் இருக்க எழுத்தை அல்லாஹ் ஏற்படுத்தித் தந்தான். எழுதியதைத் திரும்ப எடுத்துப் பார்க்கும்போது அது தெளிவு தர வேண்டும்.

தாய்மார்களே, உங்களுக்குக் கம்ப்யூட்டர் தெரியாவிட்டாலும் ஒன்று செய்யலாம். வாரத்தில் ஒரு நாள், "திரையை மூடிவிட்டு, இந்த வாரம் படித்ததை எனக்குச் சொல்லும்மா" என்று கேளுங்கள். ஐந்து நிமிடம் தடையின்றிச் சொன்னால் அந்த நோட்ஸ் நல்ல நோட்ஸ்.

அல்லாஹ் நம் பிள்ளைகளுக்குப் பயனுள்ள கல்வியைத் தருவானாக. இதற்காகக் கொடுத்தவர்களின் பொருளில் பரக்கத் செய்வானாக. ஆமீன்.