சிறுவர் மற்போரும் அதன் நெறிமுறைகளும்

"கோதாவில் இறங்கிவிட்டான்" என்று நாம் அடிக்கடி சொல்லுகிறோம். தேர்தலில் நிற்பவரையும் அப்படிச் சொல்லுகிறோம். வழக்காடப் புறப்பட்டவரையும் அப்படியே சொல்லுகிறோம். கோதா என்பது மல்லர்கள் பொருதும் களம் என்பதை அப்போது நினைப்பவர் சிலரே. பல்லவ வேந்தன் முதலாம் நரசிம்மவர்மன் 'மாமல்லன்' என்னும் பட்டத்தைப் பெருமையுடன் பூண்டான். மாமல்லபுரம் அப்பெயரை இன்றும் தாங்கி நிற்கின்றது. ஆனால், பேச்சில் இருக்கும் இந்தப் பெருமை நம் இல்லங்களில் இல்லை. பிள்ளை மற்போர் பயிலப் போகிறேன் என்றால் பெற்றோர் முகம் வாடிவிடுகின்றது.

பள்ளியில் உடற்பயிற்சி ஆசிரியராகவும், போட்டிகளில் நடுவராகவும் நான் பணியாற்றிய காலத்தில், ஒரு தாயார் என்னிடம் வந்தார். "சார், பையன் ஆசைப்படுகிறான். கழுத்தை ஒடித்துக்கொண்டு வந்து நின்றால் நான் என்ன செய்வேன்?" என்று கேட்டார். "அஞ்ச வேண்டாம் அம்மா, விதிகள் இருக்கின்றன" என்று ஒரே வரியில் பதில் சொல்லி அனுப்பிவிட்டேன். அந்தப் பதில் போதாது என்பதைப் பின்னர் உணர்ந்தேன். அந்த விதிகள் யாவை, அவை எதற்காக ஏற்பட்டன, அவற்றைக் காக்க வேண்டியவர் யார் என்பதை இன்று உங்கள்முன் எடுத்துரைக்க விரும்புகிறேன்.

இப்போது உலக அளவில் இவ்விளையாட்டை நடத்திவருவது உலக மற்போர் சம்மேளனம். அதன் விதிப்படி, 14, 15 வயதினர் ஒரு பிரிவு. 16, 17 வயதினர் மற்றொரு பிரிவு. 13 வயதுச் சிறுவன் முதற்பிரிவில் கலந்துகொள்ள வேண்டுமானால், மருத்துவச் சான்றும் பெற்றோர் சம்மதமும் வேண்டும். வயதோடு எடையும் பார்த்தே இணை சேர்க்கின்றார்கள். பெரியவர்கள் மும்மூன்று நிமிடங்களாக இரு சுற்றுகள் பொருதுவார்கள். இவ்விரு பிரிவுச் சிறுவர்களுக்கு இரண்டிரண்டு நிமிடங்களே. இடையில் 30 விநாடி ஓய்வு உண்டு.

களம் இப்போது மண்ணன்று, மெத்தென்ற விரிப்பு. அதில் 9 மீட்டர் குறுக்களவுள்ள வட்டமே போர்க்களம். வட்டத்துக்கு வெளியே சரிந்து விழுகின்றவனுக்கும் அடிபடாதபடி, சுற்றிலும் காப்பு விரிப்பு இருக்கும். ஒரு வீரன் சிவப்பு உடை, மற்றவன் நீல உடை. நடுவர் தம் இடக்கையில் சிவப்புப் பட்டையும் வலக்கையில் நீலப் பட்டையும் அணிந்திருப்பார். புள்ளி பெற்றவனுக்குரிய கையை உயர்த்தி விரல்களால் எண்ணிக்கையைக் காட்டுவார். அவர் ஒருவர் சொல்வதே முடிவன்று. துணை நடுவர் ஒருவரும், களத் தலைவர் ஒருவரும் உடன் இருப்பார்கள். மூவரில் இருவர் ஒப்பினால்தான் புள்ளி நிற்கும்.

புள்ளி எதற்குக் கிடைக்கின்றது என்று பார்த்தால் இவ்விளையாட்டின் உள்ளம் விளங்கும். அடிப்பதற்குப் புள்ளி இல்லை. நோகச் செய்வதற்கும் புள்ளி இல்லை. எதிராளியின் உடலைத் தன் கட்டுக்குள் கொண்டுவருவதற்கே புள்ளி. நிற்பவனைக் கீழே கொணர்ந்து, பின்புறமாகச் சென்று அடக்கிப் பிடித்தால் 2 புள்ளி. அவன் முதுகை விரிப்பின் பக்கமாகத் திருப்பிக் காட்டினால் 2 புள்ளி. நின்ற நிலையிலிருந்தே தூக்கி, முதுகு விரிப்பை நோக்குமாறு வீழ்த்தினால் 4 புள்ளி. உயரத் தூக்கி, பெரிய வளைவாகச் சுழற்றி வீழ்த்தும் அரிய வீச்சுக்கு 5 புள்ளி. கீழே அகப்பட்டவன் திமிறிக்கொண்டு மேலாளாக மாறிவிட்டால் அவனுக்கு 1 புள்ளி. எதிராளியின் பாதம் எல்லைக்கு வெளியே போய்விட்டால், உள்ளே நிற்பவனுக்கு 1 புள்ளி. ஒன்றும் செய்யாமல் ஒதுங்கியே காலம் கடத்துகின்றவனையும் நடுவர் விடமாட்டார். அவன் சோம்பல் எதிராளிக்குப் புள்ளியாக மாறிவிடும்.

இரு தோள்களையும் ஒருசேர விரிப்பில் படியவைத்து, நடுவர் கண்டுகொள்ளும் அளவுக்கு அடக்கிப் பிடித்துவிட்டால் ஆட்டம் அப்போதே முடிந்துவிடும். அதுவரை யார் எத்தனை புள்ளி பெற்றிருந்தாலும் கணக்கில்லை. ஃபிரீஸ்டைல் முறையில் 10 புள்ளி முந்தினாலும், இடுப்புக்குக் கீழே பிடிக்கக்கூடாத கிரேக்க–ரோமானிய முறையில் 8 புள்ளி முந்தினாலும், ஆட்டத்தை நிறுத்தி வெற்றியை அறிவிப்பார்கள். தோற்பது உறுதியாகிவிட்ட சிறுவனை மேலும் புரட்டியெடுக்க விதி இடம் கொடுப்பதில்லை.

இருவரும் சமப் புள்ளி பெற்றால் என்ன செய்வது? உயர்ந்த புள்ளிக்குரிய பிடியை யார் செய்தார் என்று முதலில் பார்ப்பார்கள். அதிலும் சமமானால், எவன் குறைந்த எச்சரிக்கை பெற்றான் என்று பார்ப்பார்கள். அதன் பின்னரே, கடைசிப் புள்ளியைப் பெற்றவன் யார் என்று பார்ப்பது. ஒழுங்காக ஆடியவன் என்பதும் இங்கே வெற்றிக் கணக்கில் ஏறுகின்றது! மூன்று எச்சரிக்கை பெற்றவனோ ஆட்டத்தையே இழந்துவிடுகிறான்.

இனி, செய்யத் தகாதவற்றைப் பார்ப்போம். தலைமயிரைப் பற்றி இழுத்தல், கிள்ளுதல், கடித்தல், விரல்களை முறுக்குதல், உதைத்தல், தலையால் முட்டுதல், தொண்டையை நெரித்தல் ஆகிய யாவும் குற்றம். எதிராளியின் உடையைப் பற்றுவதும் தவறு. முதுகு விரிப்பில் படாதிருக்க, தலையையும் பாதங்களையும் ஊன்றிப் பாலம்போல் உடலை வளைத்து நிற்பான் ஒருவன். அந்த நிலையில் அவனைத் தூக்கிப் போடக்கூடாது. அழுத்தித்தான் கீழே கொண்டுவர வேண்டும். தலையின் பக்கமாக நெட்டித் தள்ளவும் கூடாது. கழுத்தெலும்பின் நலம் கருதியே இவ்விதி. சிறுவர்களுக்கு இன்னும் ஒரு காப்பு உண்டு. இரு அக்குள்களின் வழியாகவும் கைகளை நுழைத்துப் பிடரியை அழுத்தும் இரட்டைப் பூட்டை, முன்னிருந்தோ பக்கவாட்டிலோ சிறுவர் மீது போடலாகாது.

2020ஆம் ஆண்டுக்குரிய ஒலிம்பிக் போட்டிகள் 2021இல் டோக்கியோவில் நடைபெற்றன. 57 கிலோ எடைப் பிரிவின் அரையிறுதியில் நம் நாட்டு வீரர் ரவி குமார் தாகியா ஒரு கட்டத்தில் 2–9 என்று பின்தங்கி நின்றார். பின்னர் எதிராளியை வளைத்துப் பிடித்து, தோள்களை விரிப்பில் படியவைக்க முயன்றபோது, அந்த எதிராளி அவர் கையைக் கடித்தார். பல் பதிந்த அடையாளத்தைப் படங்களில் நாம் அனைவரும் கண்டோம். தாகியா பிடியை விடவில்லை. சினந்து தாமும் விதியை மீறவில்லை. எதிராளியின் தோள்கள் விரிப்பில் படிந்தன; வெற்றி அவருக்கே கிடைத்தது. அந்தப் போட்டியிலிருந்து அவர் வெள்ளிப் பதக்கத்துடன் திரும்பினார். மாணவர்களுக்கு நான் இந்நிகழ்ச்சியைச் சொல்லாமல் இருந்ததில்லை.

களத்துக்கு வருமுன்பே ஒழுக்கம் தொடங்கிவிடுகின்றது. நகங்களை ஒட்ட வெட்டியிருக்க வேண்டும். உடலில் எண்ணெய் முதலியன பூசியிருக்கக்கூடாது. கைக்குட்டை ஒன்று உடன் இருக்க வேண்டும். தோலில் தொற்றுநோய் இல்லை என்று மருத்துவர் பார்த்த பிறகே எடைத் தட்டில் ஏறலாம். ஆட்டத்தின் தொடக்கத்தில் இருவரும் கைகுலுக்க வேண்டும். ஆடும்போது பேசக்கூடாது. ஊதல் ஒலித்ததும் பிடியை விட்டுவிட வேண்டும். முடிவு அறிவித்த பின் மீண்டும் கைகுலுக்கி, எதிராளியின் பயிற்சியாளரிடமும் சென்று கைகொடுத்துவிட்டே களத்தை விட்டு நீங்க வேண்டும். தோற்ற சிறுவன் கண்ணைத் துடைத்துக்கொண்டு, தன்னை வென்றவனின் ஆசிரியரிடம் கை நீட்டும் காட்சியை நான் எத்தனையோ முறை கண்டிருக்கிறேன். ஒவ்வொரு முறையும் என் நெஞ்சம் நெகிழ்ந்ததுண்டு.

அன்பர்களே, இவ்வளவு விதிகள் இருந்தும் ஒரு சிறுவனை என்னால் காக்க முடியாமற் போயிற்று. அதையும் சொல்லிவிடுகிறேன்.

பல ஆண்டுகளுக்கு முன் ஒரு பள்ளிப் போட்டியில் காலையில் எடை பார்க்கும் பொறுப்பு எனக்கு வாய்த்தது. ஒரு பையன் தட்டில் ஏறினான். எடை வரம்புக்குள் சரியாக நின்றது. அவன் உதடு காய்ந்து வெடித்திருந்தது, கண்கள் குழிவிழுந்திருந்தன. நான் எடையைக் குறித்துக்கொண்டு, "அடுத்தவன் வா" என்றேன். பகலில் முதல் ஆட்டம் தொடங்கி ஒரு நிமிடம் ஆகுமுன், எதிராளி தொடாமலே அவன் சுருண்டு விழுந்தான். எடை குறைவான பிரிவில் நிறுத்தினால் எளிதில் வெல்லலாம் என்று, இரண்டு நாட்களாக அவனுக்குச் சோறும் தண்ணீரும் கொடுக்காமல், கம்பளியைப் போர்த்தி ஓடவிட்டிருக்கிறார்கள். நல்லகாலமாக மாலைக்குள் பையன் தெளிந்துவிட்டான். ஆனால், எடையைப் பார்த்த நான் அவன் முகத்தைப் பார்க்கவில்லையே என்ற வருத்தம் என்னை விட்டு இன்றும் நீங்கவில்லை. அன்று நான் ஒரு விதியையும் மீறவில்லை. ஆயினும் என் கடமையைச் செய்யவில்லை.

இது எங்கோ ஓரிடத்தில் நிகழும் தவறன்று. அமெரிக்காவில் 1997ஆம் ஆண்டின் இறுதியில், சில வாரங்களுக்குள் கல்லூரி வீரர்கள் மூவர் எடை குறைக்கும் முயற்சியில் உயிரிழந்தார்கள். ரப்பர் உடை அணிந்து வெப்பத்தில் உழைத்து, உடலின் நீரையெல்லாம் வியர்வையாக வெளியேற்றியதன் விளைவு அது. அதன் பின்னரே அங்கே கல்லூரிப் போட்டிகளில் ரப்பர் உடையும் வெப்ப அறையும் தடை செய்யப்பட்டன. 2024இல் பாரிஸ் ஒலிம்பிக்கில் நம் வீராங்கனை வினேஷ் போகாட், ஒரே நாளில் மூன்று ஆட்டங்களை வென்று இறுதியாட்டத்தை எட்டினார். மறுநாட் காலையில் 50 கிலோ வரம்புக்கு மேல் 100 கிராம் இருந்தது. இரவெல்லாம் எடை குறைக்க முயன்றும் பயனில்லாது தகுதி இழந்தார். நாடே கலங்கியது. ஆண்டுக்கணக்கில் பழகிய வீராங்கனையின் உடலே இப்படி மறுக்குமானால், வளரும் பிள்ளையின் உடலை வருத்துவது எவ்வளவு பெரிய கொடுமை! வளர்கின்ற வயதில் எடை ஏறத்தான் வேண்டும். ஏறிய எடைக்கு உரிய பிரிவில் ஆடவிடுவதே முறை.

ஆகவே, சிறுவர் மற்போரின் விதிகள் சிறுவர்க்கு மட்டும் உரியவை அல்ல. நடுவர் முடிவில் ஐயம் எழுந்தால் பயிற்சியாளர் மறுபார்வை கேட்கலாம். அது பிழையான முறையீடு என்று தெரிந்தால் எதிராளிக்கு 1 புள்ளி சேரும். பெரியவரின் அவசரத்துக்குப் பிள்ளை விலை கொடுக்கிறான் என்பதற்கு இதுவே சான்று. களத்தோரம் நின்று கூச்சலிடும் தந்தையும், தோற்று வந்தவனை எல்லார் முன்னிலும் ஏசும் பயிற்சியாளரும் இதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

அந்தத் தாயார் மீண்டும் என்னிடம் வந்தால் இப்படிச் சொல்வேன்: "அம்மா, உங்கள் மகனின் கழுத்தை எதிராளியின் கையில் ஒப்படைக்கிறோம், எதிராளியின் கழுத்தை உங்கள் மகன் கையில் ஒப்படைக்கிறோம். இருவரும் அதைக் காத்துக்கொண்டே வெல்லப் பழகுகிறார்கள். விதிகள் அதற்கு வழிகாட்டும். ஆனால், அவன் நன்றாகச் சாப்பிட்டானா, நன்றாகத் தூங்கினானா என்பதை நீங்களும் பாருங்கள்; நானும் பார்க்கிறேன். அவனை அனுப்பிவையுங்கள்."