மூச்சு நின்ற உறக்கம்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



ஆண்டு விழா மேடையில் இலக்கியம் பேசுவது நம் மரபு. சென்ற ஆண்டு நானும் குறுந்தொகை பற்றிப் பேசினேன். முன் வரிசையில் அன்பர் இருவர் உறங்கியதையும் கண்டேன். ஆகவே இவ்வாண்டு உறக்கத்தைப் பற்றியே பேசத் துணிந்தேன். உறங்க விரும்புவோர் தாராளமாக உறங்கலாம். பக்கத்தில் அமர்ந்திருப்பவர் மட்டும் அவருடைய மூச்சைச் சற்றுக் கவனித்துக்கொள்ள வேண்டுகிறேன். இதை நகைச்சுவைக்காக மட்டும் நான் சொல்லவில்லை.

குறட்டை நம் வீடுகளில் சிரிப்புக்குரிய பொருள். குறட்டை விடுபவரைக் கும்பகருணன் என்போம்; கவலையற்றவர், ஆதலால் நன்றாக உறங்குகிறார் என்றும் சொல்வோம். என் தமையனார் குறட்டையிலும் எனக்கு மூத்தவர். தம் ஐம்பத்தெட்டாம் வயதில் ஓரிரவு படுத்தவர், மறுநாட் காலையில் எழவில்லை. "நோகாமல் போனார், நல்ல சாவு" என்று வந்தவர்கள் சொன்னார்கள். நானும் அதையே சொல்லி அண்ணியாரைத் தேற்றினேன். அவர் மறைவுக்குக் காரணம் இன்னதென்று யாரும் ஆராயவில்லை; ஆதலின் நானும் ஒன்றும் உரைப்பதற்கில்லை. ஆனால் அண்ணியார் அன்று கூறியது என் செவியை விட்டு அகலவில்லை. "இவருக்கு இரவில் மூச்சு நின்று நின்றுதான் வரும். நான் தோளைத் தட்டுவேன், மறுபடி வந்துவிடும். அன்றைக்குப் பார்த்து நான் ஊருக்குப் போயிருந்தேனே" என்றார்.

நான்கு ஆண்டுகள் கழிந்தபின் என் மனைவி அதே சொற்களை என்னிடம் சொன்னாள். "என்னங்க, உங்களுக்கும் மூச்சு நிற்கிறது." அப்போதும் நான் அசையவில்லை. பழைய மதராஸ் சாலையில் சிவப்பு விளக்குக்காக நின்றபோது, ஸ்கூட்டரின் மீதே கண்ணயர்ந்து சாய்ந்தேன். பின்னால் வந்த ஆட்டோக்காரர் கன்னடத்தில் என்னை வாழ்த்திய வாழ்த்து இருக்கிறதே, அதுதான் என்னை மருத்துவரிடம் அனுப்பியது.

நோயின் இயல்பு எளிது. உறங்கும்போது தொண்டைத் தசைகள் தளர்கின்றன. சிலருக்கு அத்தளர்ச்சி மிகுந்து, நாவின் அடிப்பகுதி பின்வாங்கி, மூச்சுக்குழலின் வாயில் அடைபடுகிறது. நெஞ்சு காற்றை இழுக்க முயல்கிறது, காற்றோ நுழைவதில்லை. குருதியில் பிராணவாயு குறைகிறது. மூளை திடுக்கிட்டு விழித்துத் தொண்டையைத் திறக்கிறது. பெருத்த ஓசையுடன் மூச்சு மீள்கிறது. மறுகணம் மீண்டும் உறக்கம், மீண்டும் அடைப்பு. உறங்குபவருக்கு இதில் ஒன்றும் நினைவிராது. பத்து வினாடியோ அதற்கு மேலோ மூச்சு நின்றால் அதை ஒரு தடை எனக் கணக்கிடுகிறார்கள். ஒரு மணி நேரத்தில் மூச்சு நிற்பதும் குன்றுவதும் சேர்ந்து ஐந்துக்குக் குறைவானால் கவலையில்லை. முப்பதைத் தாண்டினால் கடுமையான நோய். என் கணக்கு நாற்பத்தொன்று. இதற்கு ஸ்லீப் ஆப்னியா என்று பெயர். ஆப்னியா என்னும் கிரேக்கச் சொல்லுக்கு மூச்சின்மை என்பது பொருள். உயர்ந்த குருதியழுத்தமும், இதயத்துடிப்பு ஒழுங்கு தவறுதலும், பக்கவாதமும் இதனோடு உறவுடையன. பருத்த உடலினர்க்கே வரும் என்பதும் முழு உண்மையன்று. தாடை சிறுத்து, தொண்டை குறுகிய மெலிந்தவர்க்கும் வரும். இசையமைப்பாளர் பப்பி லகிரி 2022 பிப்ரவரியில் மும்பையில் மறைந்தபோது மருத்துவர்கள் இந்நோயின் பெயரைச் சொன்னார்கள். அன்றுதான் நம்மவரில் பலர் இப்பெயரை முதன்முதலாகக் கேட்டிருப்பர்.

ஓரிரவு முழுதும் உடலெங்கும் கம்பிகளை ஒட்டி உறக்கத்தை அளப்பார்கள். நம் நகரின் நிம்ஹான்ஸிலும் பிற மருத்துவமனைகளிலும் அதற்குரிய கூடங்கள் உண்டு. என் சோதனை முடிந்ததும் மருத்துவர், "சி-பேப் இயந்திரம் வைத்துக்கொள்ளுங்கள்" என்றார்.

இக்கருவியின் பிறப்பு சுவையானது. 1980 வரை கடுமையான நோயாளிக்கு உறுதியான மருத்துவம் ஒன்றே இருந்தது. அது கழுத்தில் துளையிட்டு மூச்சுக்கு வேறு வழி செய்தல். அவ்வாண்டு ஆஸ்திரேலியாவின் சிட்னி நகரில் காலின் சல்லிவன் என்னும் மருத்துவர், தூசு உறிஞ்சும் கருவியின் மோட்டாரைக் காற்றை ஊதுமாறு திருப்பியமைத்து, அக்காற்றை மூக்கின் வழியே செலுத்தினார். நின்று நின்று வந்த மூச்சு சீராயிற்று. 1981இல் ஐந்து நோயாளிகளைப் பற்றி லான்செட் இதழில் எழுதினார். தொடக்க நாளில் முகமூடியை ஒவ்வொருவர் மூக்குக்கும் அச்செடுத்துச் செய்து, இரவுதோறும் பசையிட்டு ஒட்டினார்களாம்! இன்று நாம் பட்டையைச் சற்றே தளர்த்தவும் இறுக்கவும் அலுத்துக்கொள்கிறோம். அக்காற்றில் மருந்தேதும் இல்லை. பிராணவாயுக் குப்பியும் இல்லை. அறையிலுள்ள காற்றேதான். தளர்ந்து விழும் தொண்டைக்கு அது பந்தற்கால்போல் முட்டுக்கொடுத்து நிற்கிறது.

முதல் இரவு என் பேரன் எட்டிப் பார்த்து, "பாட்டி, தாத்தாவுக்குப் பிள்ளையார் தும்பிக்கை முளைத்திருக்கு!" என்று கூவினான். வீடே சிரித்தது; நானும் சிரித்தேன். விளக்கை அணைத்தபின் சிரிப்பு வரவில்லை. ஓடும் ரயிலின் சன்னலில் முகத்தை நீட்டியது போலக் காற்று புகுந்தது. மூச்சை வெளிவிடவே முடியாதென்று அஞ்சினேன். நள்ளிரவில் கழற்றி எறிந்தேன். மறுநாள் இரவு நானாகக் கழற்றவில்லை. விடிந்து பார்த்தால் முகமூடி கட்டிலுக்கடியில் கிடந்தது! மூன்றாம் நாள் வாய் வறண்டது. ஐந்தாம் நாள் மூக்குத்தண்டு புண்ணாயிற்று. ஒன்பதாம் நாள் இயந்திரத்தைப் பெட்டியிலிட்டுப் பரண்மேல் ஏற்றினேன். நம் காலனியில் எத்தனை பரண்களில் இத்தகைய பெட்டிகள் உறங்குகின்றனவோ, யானறியேன்.

பதினோராம் இரவு விழித்துக்கொண்டபோது என் மனைவி சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். மணி மூன்று. "ஏன் உறங்கவில்லை?" என்றேன். "உங்கள் மூச்சை எண்ணிக்கொண்டிருக்கிறேன்" என்றாள். அண்ணியார் தட்டிய தோள் எனக்கு நினைவு வந்தது. காலையில் பரணுக்கு ஏணி போட்டேன்.

இம்முறை செய்ததைச் சொல்கிறேன், யாருக்கேனும் பயன்படலாம். இரவில் போராடுவதை விட்டு, பகலில் பழகினேன். மாலையில் நாற்காலியில் அமர்ந்து செய்தித்தாள் படிக்கும்போது அரைமணி நேரம் அணிந்தேன். அச்சம் நான்கைந்து நாளில் தேய்ந்தது. எனக்கு வேண்டிய அழுத்தம் நீரைப் பதினொரு சென்டிமீட்டர் உயர்த்தும் அளவு. அதை நான்கில் தொடங்கிச் சிறிது சிறிதாக உயர்த்தும் ஏற்பாடு இயந்திரத்திலேயே இருந்தது. முதலில் அதை எனக்கு யாரும் காட்டவில்லை! பட்டையை இறுக்க இறுக்கக் காற்று கசிவது குறையும் என்றெண்ணினேன். கசிவும் மிகுந்தது, புண்ணும் மிகுந்தது. படுத்த நிலையில், காற்று ஓடும்போதே, தளர்வாகப் பொருத்த வேண்டும். மூடியிலும் அளவுகள் பல உண்டு. மூக்கை மட்டும் மூடுவது, நாசித்துளையில் பொருந்துவது, வாயையும் சேர்த்து மூடுவது என வகைகளும் உண்டு. மூன்றாவதாகப் பார்த்ததே எனக்கு இசைந்தது. என் மீசையும் சிறிது தியாகம் செய்தது.

வறட்சிக்கு ஈரமூட்டும் தொட்டி உண்டு. அதில் நம் ஊர்க் கிணற்று நீரை ஊற்றினால் உப்புப் படியும். காய்ச்சி வடித்த நீரே நன்று. பெங்களூரின் மார்கழிக் குளிரில் குழாய்க்குள் நீர் திரண்டு முகத்தில் தெறிக்கும். குழாயைப் போர்வைக்குள் செலுத்தினேன், தெறிப்பு நின்றது. முகமூடியை நாள்தோறும் இளஞ்சூட்டு நீரில் சிறிது சோப்பிட்டுக் கழுவுகிறேன். மின்சாரம் போனால் என்ன செய்வதென்பது நம்மூரில் நியாயமான கேள்வி; வீட்டு இன்வர்ட்டரில் இணைத்துவிட்டேன். விலை பல்லாயிரம் என்று தயங்குவோர், கிடைக்குமிடத்தில் ஒரு மாதம் வாடகைக்கு எடுத்துப் பார்க்கலாம்.

இதைச் சர்வரோக நிவாரணி என்று நான் விற்க வரவில்லை. இந்தியா உள்ளிட்ட ஏழு நாடுகளில், இதயநோயோ பக்கவாதமோ கண்ட 2,717 பேரிடம் நடந்த ஆய்வு 2016இல் வெளிவந்தது. இயந்திரம் அணிந்தவர்க்கு அந்நோய்கள் மீண்டும் வருவது குறையவில்லை. ஆனால் அவர்கள் சராசரியாக இரவில் மூன்று மணிக்குச் சற்று மேலாகவே அணிந்தனர் என்பதும், பகலுறக்கமும் மனச்சோர்வும் அவர்களிடம் குறைந்தன என்பதும் அதே ஆய்வில் உண்டு. எனக்கு நேர்ந்தது இவ்வளவே: ஆறு வாரத்தில் காலைத் தலைவலி போயிற்று, பிற்பகலில் நாளிதழின் கடைசிப் பக்கம்வரை படிக்கிறேன். இரவில் மதுவையும், மருத்துவர் சொல்லாத உறக்க மாத்திரையையும் தொடுவதில்லை. அவை தொண்டையை மேலும் தளர்த்தும்.

மனைவி இப்பொழுது எண்ணுவதில்லை. சில நாட்களில் எனக்கு முன்பே அவளுடைய குறட்டை கேட்கிறது. அவளையும் சோதனைக்கு அழைத்திருக்கிறேன். "பொங்கல் கழியட்டும்" என்கிறாள். இந்த அவையில் நான் சொல்லிவிட்டதால் இனி அவளால் தள்ளிப்போட இயலாது.

அன்பர்களே, இயந்திரத்தை அந்தப் பச்சைப் பையில் கொண்டுவந்திருக்கிறேன். அடுத்து நம் குழந்தைகளின் நடனம். அது முடிந்ததும் மேடையின் இடப்புறம் இருப்பேன். அணிந்து பார்க்க விரும்புவோருக்குக் கழுவிய புதிய மூடிகள் இரண்டு உள்ளன. பரணில் பெட்டி வைத்திருப்போர் வீட்டு எண்ணைச் சொன்னால், ஏணியோடு நானே வருகிறேன்.