அத்திபெலேயில் படித்த இரண்டு புத்தகங்கள்

ஓசூரைத் தாண்டிக் கர்நாடகத்துக்குள் நுழைந்தால் முதலில் வரும் ஊர் அத்திபெலே. நான் இருப்பது அங்கேதான். அண்மையில் படித்து, இன்னும் மனத்தை விட்டு அகலாத இரண்டு புத்தகங்களைப் பற்றிச் சொல்கிறேன்.

ஒன்று, ஆ. இரா. வேங்கடாசலபதியின் ‘திருநெல்வேலி எழுச்சியும் வ.உ.சி.யும் 1908’. 2024ஆம் ஆண்டின் சாகித்திய அகாதெமி விருது பெற்ற நூல். விடுதலைப் போராட்ட வீரர் வ.உ.சி. கைதானது 1908 மார்ச் 12ஆம் தேதி. மறுநாள் திருநெல்வேலியில் கடைகள் அடைபட்டன. நகராட்சி அலுவலகம் எரிந்தது. துப்பாக்கிச் சூட்டில் நான்கு பேர் இறந்தார்கள். பாடப்புத்தகத்தில் இதற்கு இரண்டு வரி கிடைத்தால் அதிகம். வேங்கடாசலபதி அதோடு விடுவதில்லை. சுடப்பட்டவர்கள் யார், வழக்கில் சிக்கியவர்கள் என்ன தொழில் செய்தார்கள் என்று ஆவணம் ஆவணமாகத் தேடிப் போகிறார். பதின்ம வயதிலேயே, 1984இல், வ.உ.சி.யின் கடிதங்களைப் பதிப்பித்தவர் அவர். அத்தனை காலத்து உழைப்பும் பக்கத்துக்குப் பக்கம் தெரிகிறது. ‘கலகக் கும்பல்’ என்று ஒதுக்கப்பட்டவர்கள் ஆள் ஆளாக எழுந்து வரும்போது எனக்கு உடம்பு சிலிர்த்தது.

மற்றது, ஜானகி நாயர் 1998இல் ஆங்கிலத்தில் எழுதிய ‘மைனர்ஸ் அண்ட் மில்ஹேண்ட்ஸ்’. ஆய்வு நூல், மெதுவாகத்தான் படிக்க முடியும். ஆனால் கோலார் தங்கவயலின் தமிழ்த் தொழிலாளர்கள் வந்ததும் புத்தகத்தைக் கீழே வைக்க மனம் வரவில்லை. 1930இல் நிர்வாகம் கைரேகை பதிய முனைந்தபோது, ஆயிரக்கணக்கானோர் சுரங்கத்தில் இறங்க மறுத்தார்கள். இன்று எங்கள் பக்கத்து ஆலைகளில் விரல் வைத்தால்தான் ஷிஃப்டுக்குள் போக முடியும். அதில் மறுக்க ஏதாவது இருக்கிறது என்று யாருக்கும் தோன்றுவதுகூட இல்லை.

இரண்டையும் படித்து முடித்தபோது எங்கள் ஊர்த் தொழிலாளர்கள்தான் நினைவுக்கு வந்தார்கள். 2023 அக்டோபர் 7ஆம் தேதி அத்திபெலேயில் பட்டாசுக் கடை எரிந்தது. தீபாவளி வேலைக்கு வந்த தமிழ்நாட்டு இளைஞர்கள் பலர் அதில் மாண்டார்கள். தர்மபுரி மாவட்டத்து அம்மாபேட்டை ஒரே நாளில் பல பிள்ளைகளை இழந்தது. அவர்களைப் பற்றியும் இப்படி ஒரு புத்தகம் வேண்டும். எழுதுகிறவர் அம்மாபேட்டையிலிருந்து தொடங்கட்டும். அவர்களை வேலைக்கு அழைத்து வந்தவர் யார், பேசிய கூலி என்ன, அந்தப் பணம் வீட்டில் எதற்குத் தேவைப்பட்டது என்று ஒவ்வொரு வீடாகக் கேட்டு எழுதட்டும்.