'ஸ்மெல்' என்னும் சொல்

இன்று நாம் எடுத்துக்கொள்ளும் ஆங்கிலச் சொல் 'ஸ்மெல்'.

இது பெயராகவும் வரும், வினையாகவும் வரும். மல்லிகையின் மணமும் 'ஸ்மெல்'தான். ஒட்டுப்பால் மூட்டையின் வாடையும் 'ஸ்மெல்'தான். ஆகவே 'குட் ஸ்மெல்', 'பேட் ஸ்மெல்' என்று அடை சேர்த்துச் சொல்வது நல்லது. 'தி ஃபிளவர் ஸ்மெல்ஸ் நைஸ்' என்றால் பூ மணக்கிறது என்று பொருள். அடை இல்லாமல் 'இட் ஸ்மெல்ஸ்' என்றால், நாறுகிறது என்றே கேட்பவர் கொள்வார். வீட்டுக்கு வந்தவரைப் பார்த்து 'யூ ஸ்மெல்' என்றால் மனத்தாங்கல்தான் மிஞ்சும்!

இந்த வழக்கம் தமிழுக்கும் புதிதன்று. பழந்தமிழில் 'நாற்றம்' என்றால் பொதுவாக வாசனை. திருவள்ளுவர் அதை ஐம்புலன்களுக்கு உரியவற்றுள் ஒன்றாக எண்ணுகிறார். பிற்காலத்தில்தான் அச்சொல் கெட்ட வாடைக்கே உரியதாயிற்று.

மூக்கில் வாடை பட்டால், 'ஐ ஆம் ஸ்மெல்லிங்' என்பதைவிட 'ஐ கேன் ஸ்மெல்' என்பதே வழக்கு. 'ஐ கேன் ஸ்மெல் கேஸ்' என்ற வாக்கியத்தைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுப்போம். சமையல் கேஸுக்கு இயல்பில் வாடை கிடையாது. கசிந்தால் நமக்குத் தெரியவேண்டும் என்றே வாடைப்பொருளைக் கலக்கிறார்கள். அந்த வாடை வந்தால் தீக்குச்சி கிழிக்கக் கூடாது. விளக்குச் சுவிட்சையும் தொடக் கூடாது. தோம்பின் வாயை மூடி, கதவு சன்னல்களைத் திறந்துவிட்டு, எல்லாரும் வெளியே வந்துவிட வேண்டும்.

'ஸ்மெல்'லுக்கு உறவான இன்னொரு சொல் 'ஸ்னிஃப்'. மூச்சை மூக்கால் உறிஞ்சி முகர்வது 'ஸ்னிஃப்'. நாய் மண்ணை முகர்வதும், சளி பிடித்த குழந்தை மூக்கை உறிஞ்சுவதும் 'ஸ்னிஃப்'தான்.

பெற்றோர் அறிந்திருக்க வேண்டிய தொடர் ஒன்றும் இதில் உண்டு: 'குளூ ஸ்னிஃபிங்', அதாவது பசை முகர்தல். மலாயில் 'ஹீடு காம்' என்பார்கள். பசையிலிருந்து எழும் தொலுயீன் போன்ற ஆவிகள் மூளையைக் கெடுக்கும். முதல் தடவையிலேயே இதயம் நின்று உயிர் போவதும் உண்டு. பிள்ளையின் சட்டையிலோ மூச்சிலோ பசை வாடை வந்தால், கையை ஓங்காமல் அருகில் அமர்த்தி விசாரிப்போம். தாமதிக்காமல் மருத்துவரிடம் காட்டுவோம். ஆங்கிலம் தெரியாத தாய்க்கும் அந்த வாடை தெரியும்.

அடுத்த பேச்சில் வேறொரு சொல்லோடு சந்திப்போம்.