பெயரற்ற பறவையும் பறவையற்ற பெயரும்
(பத்தாண்டு நிறைவு விழாவில் ஆற்றிய உரை)



கவிதை குறித்துப் பேசுமாறு பணித்தீர்கள். ஒரு பறவையை முன்னிறுத்தி அதனைச் சொல்ல விழைகிறேன்.

தீக்கோழி என்றதும் ஆப்பிரிக்காவை நினைக்கிறோம். பறக்க இயலாத அப்பெரும்பறவை ஒரு காலத்தில் இந்திய மண்ணிலும் ஓடித் திரிந்தது. பின்னர் அடியோடு மறைந்தது. இராசத்தானிலும் மத்தியப் பிரதேசத்திலும் அதன் முட்டையோடுகள் கிடைத்தன. ஐதராபாத்து உயிரணு, மூலக்கூறு உயிரியல் ஆய்வு மையத்தார் அவ்வோடுகளின் மரபணுவை ஆராய்ந்து, அது ஆப்பிரிக்கத் தீக்கோழிக்கு நெருங்கிய உறவே என 2017இல் தெரிவித்தனர். ஆந்திரத்தின் பிரகாசம் மாவட்டத்தில் சுமார் 41,000 ஆண்டுத் தொன்மையுடைய தீக்கோழிக் கூடு கண்டறியப்பட்ட செய்தி 2024இல் வெளியாயிற்று.

மகாராட்டிரத்துப் பட்ணேயில் எஸ்.ஏ. சாலி அகழ்ந்தெடுத்த ஓடொன்று ஏறத்தாழ 25,000 ஆண்டுப் பழைமையுடையது. அதில் குறுக்கும் நெடுக்குமாகக் கோடுகள் உள்ளன. வேறிடங்களில் கிடைத்த ஓடுகளின் கோடுகள் பலவற்றைச் செடிவேர் அரித்த தடங்கள் என ஆய்வாளர் விலக்கினர். பட்ணே ஓட்டின் கோடுகளோ மனிதக் கை கீறியவை என ஏற்கப்பட்டன. வேர் அரித்த கோடு தானாக நேர்வது. கை கீறிய கோடு நினைந்து செய்வது. கவிதைக்கும் இதுவே அளவுகோல்.

அவ்வோட்டில் மணி செய்து அணிந்த மக்கள் அப்பறவையை என்ன பெயரிட்டு அழைத்தனர்? ஓடு நின்றது, சொல் நிற்கவில்லை. தீக்கோழி என்பது அப்பறவை மறைந்து பல்லாயிரம் ஆண்டு கழிந்தபின் வந்த நம் சொல்.

இதற்கு மறுதலையாகக் கானமயிலைக் காண்க. பறக்கும் பறவைகளுள் மிக்க எடையுடையவற்றுள் ஒன்று. தமிழகத்து வறண்ட புல்வெளிகளில் வாழ்ந்தது. இன்று இங்கு ஒன்றேனும் இல்லை. இந்தியா முழுவதிலும் எஞ்சியவை ஏறத்தாழ நூற்றைம்பதே. அவற்றுட் பெரும்பாலானவை இராசத்தானில் உள்ளன. அங்கே பறவை இருந்தது, பெயர் போயிற்று. இங்கே பெயர் இருக்கிறது, பறவை போயிற்று.

நம் வட்டத்துக் கவிதைகளில் 'ஏதோ ஒரு பறவை' அடிக்கடி பறக்கிறது. அது கவுதாரியா, ஆட்காட்டியா, பனங்காடையா? சங்ககிரிக் கோட்டையின் அடிவாரத்து மேய்ச்சல் நிலத்தில் ஆடு மேய்க்கும் முதியவரைக் கேட்டால் சொல்வார். அவரும் மறைந்தபின் யாரைக் கேட்போம்? பெயர் எழுதினால் மட்டும் பறவை பிழைத்துவிடாது. ஆயினும் பெயர் அறியாத ஒன்று மறையும்போது, அது மறைந்ததையும் நாம் அறியமாட்டோம்.

அடுத்த பத்தாண்டில் இவ்வட்டத்துக் கவிதைகளில் இம்மண்ணின் உயிர்கள் தத்தம் பெயரோடு உலவட்டும். அக்கோடு கை கீறிய கோடாக இருக்கட்டும்.