லயத்துப் போத்தலும் ஹொரணை உலையும்

கொழுந்துக் கூடையை இறக்கி வைத்துவிட்டு நேரே வந்திருக்கும் தாய்மார்களே!

ஒரு சாராயப் போத்தலுக்கு எத்தனை பிறவி? கணக்கே கிடையாது. உருக்கினால் மறுபடியும் போத்தல், தரம் குறையாது. உலையில் பத்துப் பங்குக்கு ஒரு பங்கு உடைசல் கண்ணாடி போட்டாலே எரிபொருளில் ஏறக்குறைய 3 வீதம் மிச்சம். அந்த உலை ஹொரணையில் இருக்கிறது. பிறகேன் ஹட்டன் நகரத்துப் போத்தல் குப்பைமேட்டில் கிடக்கிறது?

தனியாகப் போகாததால்தான். கறி மிச்சம், ஷொப்பிங் பேக், உடைந்த தேத்தண்ணிக் கோப்பை எல்லாம் ஒரே உரப்பையில் போகின்றன. லொறியில் நெருக்குண்டு போத்தல் நொறுங்குகிறது. பச்சையும் மண்ணிறமும் கலந்த தூளில் வெள்ளைப் போத்தல் வார்க்க முடியாது. அந்தக் கோப்பைதான் பெரிய வில்லங்கம்! 1,500 பாகையை நெருங்கும் சூட்டிலும் பீங்கான் உருகாது. கல்லாகப் புதுப் போத்தலுக்குள் குந்திக்கொள்ளும். அந்த இடத்தில்தான் விரிசல் விழும்.

இந்தச் சில்லுகளுக்குள் கைவிட்டுப் பொறுக்குகிறவர் நகர சபைத் துப்புரவுத் தொழிலாளி. அவருக்கு ஒரு கைதட்டல்! இன்னும் பலமாக!

தோட்டத்து ஆட்களுக்குக் குப்பை பிரிக்கத் தெரியாது என்று சில மேடைகளில் முழங்குகிறார்கள். பிரித்து வைத்தால் எடுத்துப்போக வந்தது யார்? 1987ஆம் ஆண்டின் பிரதேச சபைச் சட்டம், 33ஆம் பிரிவு! தோட்டத்துக்குள் சபையின் காசைச் செலவழிக்க விடாமல் கையைக் கட்டிப்போட்ட பிரிவு. திருத்தியது 2018இல். முப்பத்தொரு வருடம்! வாக்குக் கேட்டு லயம் லயமாக ஏறினார்கள், குப்பை லொறியை ஏற்றவில்லை. 2017 ஏப்ரல் 14, புத்தாண்டு நாளில், மீதொட்டமுல்லைக் குப்பைமேடு சரிந்து முப்பது பேருக்கு மேல் பலியானபோது நாடே குப்பையைப் பற்றிப் பேசியது. அப்போதும் தோட்டத்துக் குப்பைக்குக் குழியும் ஓடையும்தான். அந்த ஓடை காசல்ரீ நீர்த்தேக்கத்தில் விழுகிறது. காசல்ரீத் தண்ணீர் களனி கங்கைக்குப் போகிறது. களனியைக் கொழும்பு குடிக்கிறது.

தெரியாதாம்! பழைய போத்தல் வாங்க வருகிறவரை மறந்துவிட்டார்களா? சாக்கைத் தோளில் போட்டுக்கொண்டு மேட்டு லயம் வரை ஏறுவார். அவருக்காக நம் அம்மாமார் உடையாத போத்தலைக் கழுவிக் கவிழ்த்து வைப்பார்கள். எந்தச் சட்டமும் சொல்லிக்கொடுக்கவில்லை. அவர் ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்பார். வாயில் கீறல் இருந்தால் ஒரு பக்கம், முழுசு ஒரு பக்கம், பச்சை தனி, வெள்ளை தனி. பிறகு சில்லறையை எண்ணிக் கையில் வைப்பார்.

சபையின் இந்த வருட வரவு செலவுத் திட்டத்தில் அவருக்கு ஒரு லொறி கேட்போம். மாதம் ஒரு நாள், போத்தலுக்கு மட்டும், கடைசி லயம் வரை!